பாதுகாப்பு பிரேக்கும் சார்பியல் கோட்பாடும்

மாமனார் ஓய்வு பெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். வேலையில் இருந்தவரை ஊரார் லிஃப்டில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு கையும் காலும் சும்மா இருக்காமல், நேராகப் போய் ஐன்ஸ்டீனுடைய லிஃப்டில் கை வைத்தார்.

நூலகத்தில் எடுத்து வந்த ஒரு புத்தகம்தான் வினையாக வந்து சேர்ந்தது. கேபிள் அறுந்து விழுகிற லிஃப்டுக்குள் நிற்பவனுக்கு எடையே தெரியாது, அந்த யோசனையிலிருந்துதான் ஐன்ஸ்டீன் ஈர்ப்பு விசைக்குப் புது விளக்கம் கொண்டுவந்தார் என்று அதில் எழுதியிருந்தது. மாமனாருக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறிவிட்டது. கேபிள் அறுந்தால் லிஃப்ட் விழுமா? பாதுகாப்பு பிரேக் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளாதா? அதைச் சோதித்துச் சோதித்தே தலை நரைத்தவர் அவர். லிஃப்ட் விழாது என்றால் உள்ளே நிற்பவனுக்கு எடை போகாது. எடை போகாவிட்டால் கோட்பாடு நிற்காது. ஆக, உலகத்து விஞ்ஞானிகள் அத்தனை பேரும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு பிரேக்கைக் கவனிக்காமல் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

இந்த மகத்தான கண்டுபிடிப்பை அவர் முதலில் சொன்னது மாப்பிள்ளையிடம். மாப்பிள்ளை கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் காபியோடு முடிந்திருக்கும். ஆனால் கல்யாணமான புதிது. மாமனாரை மறுத்துப் பேசி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? "நல்ல பாயிண்ட் மாமா" என்று தலையாட்டி வைத்தான். அதோடு, அந்த லிஃப்ட் அத்தியாயம் அவனுக்கே அரைகுறை. பரீட்சைக்கு வராத பகுதி என்பதால், "இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று மாணவர்கள் தலையில் கட்டிவிட்டு வருஷா வருஷம் தப்பித்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனார் வந்தார், ஆராய்ச்சியும் கூடவே வந்தது. ஐன்ஸ்டீனுக்கு நோபல் பரிசு கொடுத்தது சார்பியலுக்காக அல்ல, ஒளிமின் விளைவுக்காக. ஏன்? கமிட்டிக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்கிறது. மாப்பிள்ளை தலையாட்டினான். ஐன்ஸ்டீன் காப்புரிமை அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவர், மாமனாரும் அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவர். இதற்கும் தலையாட்டினான். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கப்பா பேச்சை எங்க வீட்டுக்காரர் மாதிரி யாரும் பொறுமையாக் கேட்க மாட்டாங்க" என்று தோழிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்டிய தலைக்கெல்லாம் சேர்த்து ஒருநாள் விடிந்தது. ஆராய்ச்சி புத்தகமாகிவிட்டது. அச்சுக்கூடத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியை மாமனார் மேஜையில் வைத்தார். முன்னுரையில், "இயற்பியல் பேராசிரியரான என் மாப்பிள்ளை ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து ஒப்புதல் அளித்தார்" என்று அவன் பெயரும் கல்லூரியின் பெயரும் தடித்த எழுத்தில் இருந்தன. வெளியீட்டு விழா அதே கல்லூரி அரங்கில். தலைமை, கல்லூரி முதல்வர். மாமனாரே நேரில் போய்ப் பேசி முடித்துவிட்டாராம். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை சரி என்று சொன்னால் அச்சு ஏறிவிடும்.

மாப்பிள்ளை முன்னுரையை இரண்டாம் தடவை வாசித்தான். துறைத்தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து இந்த முன்னுரையை வாசிக்கிற காட்சி கண்முன் வந்து போனது. மானத்துக்கு மட்டுமல்ல, வேலைக்கே உலை வைக்கிற முன்னுரை.

வேறு வழியில்லாமல் அந்த வாரம் அவன் சார்பியல் படித்தான். பாடம் நடத்த ஆரம்பித்த பிறகு முதல்தடவையாக, புரிவதற்காகப் படித்தான். படிக்கப் படிக்க அந்த லிஃப்டை விடக் கோட்பாட்டின் வரலாறுதான் அவனை உறுத்தியது. விழுகிறவனுக்கு எடை தெரியாது என்ற யோசனை தோன்றிய பிறகும் ஐன்ஸ்டீன் வருஷக்கணக்கில் திண்டாடியிருக்கிறார். கணக்கு வராமல் கல்லூரித் தோழனிடம் போய் உதவி கேட்டிருக்கிறார். பாதி வழியில் ஓர் இத்தாலியக் கணித அறிஞர், உங்கள் நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டிருக்கிறார். இவரும் மல்லுக்கு நின்றுவிட்டுக் கடைசியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய மூளைக்கும் தப்பைத் தப்பு என்று சொல்ல ஆள் தேவைப்பட்டிருக்கிறது. மாமனாருக்கு வாய்த்ததோ ஒரு தலையாட்டி. இதை நினைத்தபோது மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது, உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். ஐன்ஸ்டீன் சொன்னது நிஜ லிஃப்ட் இல்லை, மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற லிஃப்ட். பிரேக் பிடித்தால் லிஃப்ட் நிற்கும், எடை திரும்ப வரும், அதுவும் அந்தக் கோட்பாடு சொல்கிறபடியேதான். பிரேக் பிடிக்கிற வரைக்கும் விழுகிற அந்த ஒரு நொடியில் அவர் சொன்னது சரி.

"அந்த ஒரு நொடி" என்ற இடத்தில் மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். சோதனைக்காக லிஃப்டை விழவிட்டு, பிரேக் பிடிப்பதற்கு முன் கால் தரையில் பாவாமல் போகிற அந்த நொடி அவருக்குத் தெரியாததா என்ன? தெரிந்துதான் இருந்தது. மாதிரிப் பிரதியை மெல்ல மூடினார்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"முழுசா இந்த வாரம்தான் மாமா. ஆனா தப்புன்னு... முதல் நாளே தெரியும்."

கத்துவார் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை. கோட்பாடு போனதற்காக அவர் வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. தன் மகளைக் கட்டியவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல நிதானமாகப் பார்த்தார்.

"இத்தனை நாளும் தெரிஞ்சேதான் தலையாட்டினீங்களா? வேற எதுக்கெல்லாம் இப்படி ஆட்டியிருக்கீங்க, மாப்பிள்ளை?"

துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி மடிப்பதை நிறுத்தினாள். எழுந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "எனக்கும் தெரியணும்."