சனிக்கிழமை காலை ஐந்து மணி வரை

என் முதலாளி நார்பர்ட் கெஸ்லருக்கு வலைப்பதிவு என்ற பேச்சே ஆகாது. "ராத்திரி உடுப்போட அடுப்படியில உக்காந்து தட்டுறவங்க எல்லாம் பத்திரிகைக்காரங்களா?" என்பார். மில்வாக்கியில் இருக்கிற பாதிக் கம்பெனிகளுக்கு மக்கள் தொடர்பு பார்த்துப் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷர். எந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு எந்த பீர் பிடிக்கும் என்பது வரை அத்துப்படி. ஆனால் 2008-ல் அந்த ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு வேலையே இல்லை. ஊர் ஜனம் பத்திரிகையை விட்டுவிட்டு எதை எதையோ கம்ப்யூட்டரில் படித்துக்கொண்டிருந்தது. அவர்களையும் நாம் கவனிக்க வேண்டும் என்று அவர் காதைக் குடைந்துகொண்டே இருந்தவள் நான். அதனால் அன்றைக்கு வந்த வினை முழுவதும் என் தலையில்தான் விடிந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்; கறி தின்னாமல் மீன் மட்டும் தின்கிற வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஆர்டிஸ் ஷ்வாண்ட் போன் செய்தார். ஷ்வாண்ட் பிஸ்கட் கம்பெனிக்கு முதலாளியம்மா. எங்கள் ஆபீஸ் வாடகையும் சம்பளமும் அவர் புண்ணியத்தில்தான் ஓடின.

"வேர்க்கடலை பிஸ்கட் ஓட்ஸ் பெட்டிக்குள்ள போயிருக்கு" என்றார். "வேர்க்கடலைக் கட்டடத்துல பெட்டி தீர்ந்து போச்சாம். எவனோ ஒரு மகராசன் ஓட்ஸ் கட்டடத்துலேருந்து காலிப் பெட்டியை அள்ளிக் கொடுத்திருக்கான். எங்கெங்க போச்சுன்னு தேடிக்கிட்டிருக்கோம்."

வேர்க்கடலைக்குத் தனிக் கட்டடம், தனி ஆட்கள் என்று வைத்திருந்ததால்தான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஷ்வாண்ட் ஓட்ஸ் பிஸ்கட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். ஒரு துண்டு உள்ளே போனால் சில பிள்ளைகளுக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும்.

நார்பர்ட் பதறவில்லை. கடைகளுக்கு உடனே போன் போட்டு அலமாரியைக் காலி செய்யச் சொன்னார். ஜனங்களுக்கு மறுநாள் காலைப் பத்திரிகையில் சொல்லலாம் என்றார். எங்கள் தொழிலில் காலங்காலமாக நடக்கிற ஏற்பாடு அது. செய்தியை முன்கூட்டியே கொடுத்து, இன்ன நேரம் வரை வெளியிடக் கூடாது என்று தலையில் ஒரு வரி போடுவோம். எழுத நேரம் கொடுத்த நன்றிக்கு அவர்களும் கொஞ்சம் மென்மையாக எழுதுவார்கள். அந்த வரியை ஒருத்தரும் மீறியதில்லை.

நான்தான் எழுதினேன். மேலே கொட்டை எழுத்தில், சிவப்பில்: சனிக்கிழமை காலை ஐந்து மணி வரை வெளியிடக் கூடாது. பத்திரிகைக்கு அனுப்பினேன், டிவிக்காரர்களுக்கு அனுப்பினேன். பெரிய சாமர்த்தியசாலி என்ற நினைப்பில் 'வேர்க்கடலை இல்லாத வீடு' என்ற வலைப்பதிவை எழுதும் கொரின்னா ப்ரூயிட்டுக்கும் ஒன்று தட்டிவிட்டேன். இந்த ஊர்த் தாய்மார்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள்.

என் காபி ஆறுவதற்குள் பதிவு வந்துவிட்டது.

"ஷ்வாண்ட் ஓட்ஸ் பிஸ்கட்டைத் தொடாதீங்க. இப்பவே தூக்கிப் போடுங்க" என்று தலைப்பு. கீழே என் சிவப்பு வரியை அப்படியே எடுத்து ஒட்டி, "இதை நாளைக் காலை வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதாம். ஏன்னு கம்பெனியைக் கேளுங்க" என்று எழுதியிருந்தாள். பின்னூட்டங்கள் மளமளவென்று விழுந்தன. அவற்றில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது.

பத்திரிகையிலிருந்து போன். டிவியிலிருந்து போன். நார்பர்ட்டின் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது.

"என்ன காரியம் பண்ணித் தொலைச்சே, ஜோலீன்? யாரைக் கேட்டு அவளுக்கு அனுப்பினே?"

"அவங்களும் மதிப்பாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சியாம்! ஆர்டிஸ் நம்மளக் கைகழுவினா இந்த ஆபீஸுக்குப் பூட்டுதான். மொதல்ல நீ வெளிய போவே, பின்னாடியே நான் வருவேன்."

கோபம் எனக்கும் தலைக்கேறியது. கொரின்னாவுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, மேல இருக்கிற வரியைப் படிக்கலையா நீங்க?"

"படிச்சேனே. அதையும் சேர்த்துத்தானே போட்டிருக்கேன்?" பின்னால் ஏதோ வதக்குகிற சத்தம் கேட்டது.

"அது ஒரு நம்பிக்கையில கொடுக்கிறதுங்க. வெளியிட மாட்டீங்கன்னு."

"யாரு நம்பச் சொன்னா? நான் உங்களுக்கு எப்போ வாக்கு கொடுத்தேன்? நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"காலையில எல்லாருக்கும் தெரியத்தானே போகுது? ஒரு ராத்திரி பொறுக்கக் கூடாதா?"

"என் பையனுக்கு ராத்திரியும் பசிக்குமே மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் திமிர் பிடித்தவள் என்றுதான் நார்பர்ட்டிடம் சொன்னேன்.

ஆர்டிஸ் போனை எடுக்கவே இல்லை. தவக்காலத்து வெள்ளி மாலையென்றால் அவர் தேவாலயக் கூடத்தில் மீன் விருந்துக்கு முட்டைக்கோஸ் பரிமாறிக்கொண்டிருப்பார். நேரில் போய்க் காலில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை என்று நார்பர்ட் காரை எடுத்தார். வழியெல்லாம் பனி. அடுத்த மாத வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டே போனேன்.

கூடத்தில் ஜே ஜே என்று கூட்டம். மீன் பொரிகிற வாசனை வாசல் வரை வந்தது. முட்டைக்கோஸ் பாத்திரத்தருகே ஆர்டிஸ் இல்லை. இனிப்பு மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தார். மேஜை துடைத்த மாதிரி காலியாக இருந்தது. அதன் மேல் கொரின்னாவின் பதிவை அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். என் சிவப்பு வரி அதில் கருப்பாக விழுந்திருந்தது.

"ஆர்டிஸ், நடந்தது பெரிய தப்பு. நாங்க..." என்று நார்பர்ட் ஆரம்பித்தார்.

"இதைப் பாரு" என்று ஒரு பெட்டியை அவர் காலடியில் தள்ளினார் ஆர்டிஸ். வெளியே ஓட்ஸ் என்று எழுதியிருந்தது. உள்ளே அத்தனையும் வேர்க்கடலை பிஸ்கட். "கடை கடையாக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தப் பெட்டிங்க கடைக்கே போகல. வாராவாரம் நானே என் கார்ல கொண்டாந்து பிள்ளைங்களுக்கு வெக்கிறது. நேத்து வெச்சதை இன்னைக்குச் சுத்தமா மறந்துட்டேன். என் கையால, நார்பர்ட்! என் கையால!"

பக்கத்தில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். மார்லா என்று பெயர். அச்செடுத்துக் கொண்டுவந்தவள் அவள்தான்.

"கிளம்புறதுக்கு முன்னாடி சும்மா அந்த வலைப்பதிவைத் திறந்தேன்" என்றாள். "எம்பொண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது. வெளியில நான் கொடுக்கிற ஒரே இனிப்பு இதுதான். வந்ததும் மொதல்ல இந்த மேஜைக்குத்தான் ஓடுவா. ஓடி வந்து பாத்தா, ஒரு பெட்டியைப் பிரிச்சுத் தட்டுல அடுக்கிட்டிருந்தாங்க."

அங்கிருந்த மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். மார்லாவின் மகள் தூரத்தில், இரண்டு கையிலும் மீனைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் எண்ணெயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாடா! அந்தப் பாழாய்ப்போன வரியை நல்லவேளையாக ஒருத்தி மதிக்கவில்லை.

ஆர்டிஸ் மேஜையில் இருந்த தாளைக் காட்டினார். "நாளைக் காலை வரைக்கும்னு எழுதினது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"நான் சொல்லித்தான் எழுதினா" என்றார் நார்பர்ட். அவரிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"இந்த வலைப்பதிவுப் பொண்ணுக்கு அனுப்பச் சொன்னதும் நீதானா?"

நார்பர்ட் தரையைப் பார்த்தார். "இல்லை. அது ஜோலீன் தானாப் பண்ணினது."

ஆர்டிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலை போகிறதா நிலைக்கிறதா என்று எனக்குப் புரியவில்லை.

"இனிமே இந்த மாதிரி சேதி வந்தா எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்லு. அந்த வரி என் கம்பெனி காகிதத்துல இருக்கவே கூடாது" என்றார். "இப்போ ஏப்ரனைக் கட்டு. முட்டைக்கோஸ் பரிமாற ஆளில்லை. நார்பர்ட், நீ உருளைக்கிழங்கு. கோட்டைக் கழட்டு, எண்ணெய் தெறிக்கும்."

நார்பர்ட் மறுபேச்சில்லாமல் கோட்டைக் கழற்றினார். உருளைக்கிழங்கு அப்பத்தை அவர் தட்டில் வைத்த அழகைப் பார்த்து வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது எனக்கு, அழுகையும் கூடவே வந்தது.

கூட்டம் குறைந்ததும் ஏப்ரனோடு வெளித் தாழ்வாரத்துக்குப் போய்க் கொரின்னாவைக் கூப்பிட்டேன்.

"மறுபடியும் நீங்களா? பதிவை எடுக்க மாட்டேன்" என்றாள் எடுத்ததுமே.

"எடுக்காதீங்க. தயவுசெஞ்சு எடுக்காதீங்க" என்றேன். கூடத்தில் நடந்ததை உளறிக்கொட்டினேன். பெட்டி, தட்டு, மார்லா, அந்தக் குழந்தை, எல்லாவற்றையும்.

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அந்தக் குழந்தை பேரு என்ன?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. "இருங்க, வெச்சிடாதீங்க" என்று சொல்லி, போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். குழந்தை அம்மா மடியில் ஏறி உட்கார்ந்து இன்னொரு துண்டு மீன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒடெட்" என்றேன் போனில். "ரெண்டாவது தட்டு சாப்பிடுறா."