உறுமாத வண்டி

பட்டறையில் கிடந்த பழைய பைக்கின் இன்ஜினைக் கழற்றி வீசிவிட்டு, அந்த இடத்தில் தம்பி மோட்டாரும் பேட்டரியும் பொருத்தியிருந்தான். முப்பது வருஷமாக இன்ஜினோடு மல்லுக்கட்டிய அண்ணனுக்கு அதைக் கண்டதும் வயிறு பற்றி எரிந்தது. கையிலிருந்த ஸ்பேனரால் தம்பியின் தாடையில் ஒரே போடு போட்டான். தம்பி வாயெல்லாம் ரத்தமாகச் சுருண்டு விழுந்தான்.

அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சத்தம் வராத வண்டி அணைந்த வண்டி என்பதுதான் தொழிலில் அவன் கற்ற பாடம். தம்பி பார்த்துக்கொண்டே கிடந்தான், வாயைத் திறக்கவில்லை.

“உறுமாததெல்லாம் ஒரு வண்டியாடா?” என்று ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினான் அண்ணன்.

வண்டி பாய்ந்து அவனை எதிர்ச்சுவரில் அறைந்தது. பட்டறையில் கேட்டதெல்லாம் அவன் விலா எலும்புகள் முறிந்த சத்தம்தான்.

தம்பி உடைந்த பல்லைத் துப்பினான்.

“சாவி ஆன்லதான் இருந்துச்சுண்ணே.”