திரும்பி வரும் ஜார்

என் மச்சான் லிங்கேஸ்வரன் எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து எழுநூற்று நாற்பது வெள்ளி. பின்சமையலறைக் கூரைக்கு என்று நான் சேர்த்து வைத்திருந்த பணம் அது. கூரைத் தகடு அடுப்புக்கு நேர் மேலே ஓட்டை விழுந்து, மழை வந்தால் குழம்புச் சட்டிக்குள்ளேயே சொட்டும். தீபாவளிக்கு முன்னால் வந்து தகடு மாற்றித் தரும்படி ஆளிடமும் சொல்லி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வந்தான்.

அவன் என் மனைவி பிரேமலாவின் தம்பி. ரவாங்கில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் சாமான்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. எதைக் கண்டாலும் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்ப்பான். அன்றைக்கு எங்கள் சிவப்பு மிக்சியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பி வைத்திருந்தான்.

"இந்தக் கம்பியப் பாருங்க மாமா. நூல் மாதிரி இருக்கு. அஞ்சு நிமிஷம் ஓடுனா கை வைக்க முடியாது. இதுக்குப் போயி எரநூத்தி அறுவது வெள்ளியா?"

"எல்லார் வீட்லயும் இதான்லா இருக்கு," என்றேன்.

"எல்லார் வீட்லயும் இருந்தா நல்ல சாமான்னு ஆயிருமா?"

 முந்தின நாள் தோட்டத்தில் உயரமான செம்பனை மரங்களில் குலை வெட்டிய தோள் வலி இன்னும் விடவில்லை. அவனோ விடாமல் பேசிக்கொண்டிருந்தான். கிள்ளானில் ஒரு மொத்தக் கடையில் பச்சை மிக்சி ஒன்றைப் பார்த்தானாம். தடித்த செப்புக் கம்பி. அரை மணி நேரம் விடாமல் ஓடினாலும் சூடாகாது. பன்னிரண்டு பெட்டி சேர்த்து எடுத்தால் ஒன்று நூற்றுத் தொண்ணூறுக்குத் தருவார்கள். நம் ஆட்களிடம் இருநூற்று முப்பதுக்கு விற்கலாம். சிவப்பைவிட விலையும் குறைவு, சாமானும் உசத்தி. பிறகு ஏன் வாங்க மாட்டார்கள்? அவன் கையில் கொஞ்சம் இருந்தது. மீதியை என்னிடம் கேட்டான்.

அவன் சொன்னதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்களாக் குடுக்கிறீங்க. நாளைக்கு உன் தம்பி உன் தம்பின்னு எங்கிட்ட வரக் கூடாது," என்றாள் பிரேமலா.

எங்கள் வீடு புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. பழைய லயக் குடியிருப்பை இடித்த பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். அத்தனை வீட்டிலும் சிவப்பு மிக்சிதான். அது எப்படி வந்தது என்றால், சில வருடங்களுக்கு முன்பு சம்பளத்துக்கு மறுநாள் ஒருவன் வேனில் கொண்டுவந்தான். பக்கத்து வீட்டுப் புஷ்பா முதலில் வாங்கினாள். புஷ்பா ஒன்று வாங்கினால் அது வரிசை முழுவதும் கேட்கும். அடுத்த மாதம் ஐந்து வீடு, அதற்கடுத்த மாதம் மற்றவர்கள். இன்னொரு மிக்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கியவர் ஒருவருமில்லை, நாங்கள் உட்பட.

எல்லாம் ஒரே மிக்சி ஆனதும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பெண்களில் பாதிப் பேர் பாசிர் பெனம்பாங்கில் மீன் உருண்டைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். விடியும் முன்னே பஸ் வந்துவிடும். அதனால் ஒருத்தி சட்னி அரைத்தால் மூன்று வீட்டுக்குச் சேர்த்து அரைப்பாள். அரைத்ததைக் கிண்ணத்தில் வழித்துக் கொடுக்க நேரமேது? ஜாரோடு வேலிக்கு மேலே நீட்டிவிடுவாள். வாங்கியவள் சட்னியை எடுத்துக்கொண்டு, அதே ஜாரைக் கழுவித் தன் மிக்சியில் மாட்டி மிளகாய் அரைத்து, அடுத்த வீட்டுக்கு நீட்டுவாள். எந்த ஜாரும் எந்த மிக்சியிலும் உட்காரும். யாருடைய ஜார் யார் வீட்டில் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் கணக்குப் பார்க்கிறவள் என்று பேர் வந்துவிடும்.

சம்பளம் போட்ட வாரம் ஞாயிற்றுக்கிழமை லிங்கேஸ்வரன் எங்கள் வாசலில் மேசை போட்டான். ஊறிய உளுந்தைப் பச்சை மிக்சியில் போட்டு நிறுத்தாமல் ஓட்டினான். பிரேமலா அந்த மாவில் சுடச்சுட வடை போட்டாள். பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஒவ்வொருத்தியையும் மோட்டார்மேல் கை வைத்துப் பார்க்கச் சொன்னான். வைத்துப் பார்த்தார்கள். குளுகுளுவென்றுதான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. வடையும் நல்லாருக்கு," என்றாள் கடைசி வீட்டு இராஜம்மா. அவள் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்க்கிறவள். எல்லாரையும்விட வயதில் மூத்தவள். "இந்த ஜாரு எங்க மிக்சில உக்காருமா?"

"உக்காராதுக்கா. இது வேற கம்பெனி."

"எங்க ஜாரு இதுல?"

"அதுவும் உக்காராது. ஆனா நீங்க மோட்டாரப் பாக்கணும்."

"மோட்டாரப் பாத்துக்கிட்டா நான் சட்னி அரைக்கிறேன்?" என்றாள் இராஜம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

புஷ்பா கையிலிருந்த வடையை முடித்துவிட்டுத்தான் பேசினாள். "தம்பி, எங்க மிக்சி சூடாவுதுதான். சூடானா பக்கத்து வீட்ல போயி அரைப்போம். உங்க மிக்சி சூடாவல. ஆனா ஒடஞ்சா யாரு வீட்டுக்குப் போறது? ரவாங்குக்கா?"

ஒன்றுகூட விற்கவில்லை. வடைச்சட்டி மட்டும் காலியானது. லிங்கேஸ்வரன் பன்னிரண்டு பெட்டியையும் எங்கள் கூடத்தில் அடுக்கிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினான். நான் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் என்ன சொல்வான்?

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஒரு வாளியைத் தொங்கவிட்டேன். தகடு மாற்றுகிறவர் இரண்டு முறை போன் செய்தார். இந்த மாதம் முடியாவிட்டால் தீபாவளி கழித்துத்தான், வேறு வேலை எடுத்துவிடுவேன் என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கூடத்துப் பெட்டிகளைத் தாண்டித் தாண்டித்தான் படுக்கப் போக வேண்டியிருந்தது.  வாளி நிறைந்தால் பிரேமலா என்னைத்தான் கூப்பிடுவாள்.

செய்து காட்டிய மிக்சியைத் திரும்பப் பெட்டியில் வைத்து விற்க முடியாது என்று பிரேமலா அதையே புழங்க ஆரம்பித்தாள். எங்கள் சிவப்பு மிக்சியை மச்சான் திரும்ப மாட்டியதிலிருந்து அது ஒரு மாதிரிக் கத்தியது. ஒரு நாள் விடியலில் தேங்காய்ச் சட்னி அரைத்தவள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பழக்க தோஷத்தில் பச்சை ஜாரை அப்படியே புஷ்பா வீட்டு வேலிக்கு மேலே நீட்டிவிட்டாள். புஷ்பாவும் தூக்கக் கலக்கத்தில் வாங்கி, சட்னியை எடுத்துக்கொண்டு, ஜாரைக் கழுவித் தன் சிவப்பு மிக்சியில் வைத்து அழுத்தித் திருகிவிட்டாள்.

அந்தச் சத்தம் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்த இடம் வரைக்கும் கேட்டது.

"பிரேமலா, ஒன் ஜாரு என் மிக்சியக் கடிச்சிருச்சுடி," என்று புஷ்பா வேலியோரம் வந்து நின்றாள். கையில் பச்சை ஜார். மிக்சிக்கு மேலே இருக்கிற ரப்பர்ப் பல் தூள்தூளாகி அதன் அடியில் ஒட்டியிருந்தது.

"யாரு ஒன்ன மாட்டச் சொன்னா?"

"யாரு உன்ன நீட்டச் சொன்னா?"

நான் குறுக்கே போய், ரப்பர் மூன்று வெள்ளிதான், நான் வாங்கிப் போட்டுத் தருகிறேன் என்று அவர்களைப் பஸ்ஸுக்கு அனுப்பினேன். மாலை அதை வாங்கிப் போட்டும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஜாரைக் கண்டாலே புஷ்பாவுக்கு ஆகாது. பிரேமலா வேண்டுமென்றே அதில்தான் சட்னி அனுப்புவாள். ஜார் போன வேகத்தில் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். புஷ்பாவிடமிருந்து மட்டுமல்ல, எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது? எதிலும் உட்காராதே. சிலர் வெறும் ஜாராகக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் நெத்திலி என்று ஏதாவது போட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு சாயங்காலம் இராஜம்மா வந்தாள். கூடத்தில் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

"பிரேமலா, ஒன் ஜாரு திரும்பி வந்துருதாமே."

"வருதுக்கா."

"அன்னன்னிக்கேவா?"

"போன அரை மணி நேரத்துல வந்துரும்."

இராஜம்மா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். பிறகு மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். அவள் வாங்கும்போது மூன்று புது ஜார் இருந்ததாம். இப்போது அவளிடம் இருப்பது பிடி உடைந்த ஒன்றும் அடியில் ஒழுகுகிற ஒன்றும். நல்லது போகும், சொத்தைதான் வரும். பெரிய ஜார் புனிதவதி வீட்டில் இருக்கிறது, மூடியில் இருந்த பழைய சூட்டுத் தழும்பை வைத்து அடையாளம் கண்டாளாம். எப்படிக் கேட்பது?

"கேட்டா கெழவி அல்பம்னு சொல்லுவாளுங்க," என்றாள். "இதுல ஒன்னு குடு. மாசம் அம்பது வெள்ளியாத் தாரேன்."

நான் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டு இராஜம்மாவிடம் கொடுத்தேன். அவன் அந்தப் பக்கத்தில் செப்புக் கம்பியைப் பற்றி ஆரம்பித்திருக்க வேண்டும். இராஜம்மா கொஞ்சம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இந்த ஜாரு வேற எதுலயும் உக்காராதுதான? சத்தியமா?" என்றாள்.

ஜாரைப் பறிகொடுத்தவள் இராஜம்மா ஒருத்தி மட்டுமல்ல. வாய் திறக்காமல் இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் பின்வாசல் வழியே வந்தார்கள். புனிதவதியே வந்தாள். அவளுடைய சின்ன ஜார் புஷ்பா வீட்டில் இருக்கிறதாம். பாதி வரிசை பச்சைக்கு மாறியதும் மற்றவர்களுக்குச் சட்னி கொடுக்கல் வாங்கலில் ஆள் குறைந்துபோனது. அவர்களும் வாங்கினார்கள். கடைசியாக, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த புஷ்பா வந்தாள்.

"எல்லாரும் வாங்கிட்டாளுங்க. நான் மட்டும் யாருகூட அரைக்கிறது?" என்றாள். கூடத்தில் கடைசிப் பெட்டி அவளுக்குப் போனது.

அடுத்த வாரம் பிரேமலா சட்னி ஜாரைப் புனிதவதி வீட்டுக்கு நீட்டினாள். அது திரும்பி வரவே இல்லை. இரண்டு நாள் கழித்து இராஜம்மா வீட்டிலிருந்து ஒரு பச்சை ஜார் வந்தது. மூடி வேறு. இராஜம்மா வேலி ஓரம் நின்று, "இந்தப் பொம்பளைங்களத் திருத்த முடியாது," என்றாள். அப்போது அவள் கையில் இருந்தது எங்கள் ஜார்தான். நான் கேட்கவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது லிங்கேஸ்வரன் வந்தான். தவணைப் பணம் இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் தொழிற்சாலையில் போனஸ் கொடுத்துவிட்டார்கள் என்றான். காப்பியைக் குடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். பெட்டி ஒன்றும் இல்லாமல் கூடம் பெரிதாகத் தெரிந்தது.

"எல்லாம் போயிருச்சு மாமா. ஆனா ஒருத்தரும் மோட்டாரப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே. சிவப்பு எதுக்குப் போச்சோ அதுக்குத்தான் பச்சையும் போயிருக்கு. அப்ப நல்ல சாமானச் செஞ்சு என்ன புண்ணியம்?"

"யாராச்சும் ரிப்பேருன்னு வந்தாங்களா?"

"இல்ல."

"திட்டுனாங்களா?"

"இல்ல."

"அதான் புண்ணியம். நல்லாருக்குன்னு சொல்ல யாருக்கு நேரம் இருக்கு? கெட்டுப்போனா மட்டும் ஒங்கிட்ட வருவாங்க. வரல பாரு."

அவனுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் முழுசாகப் புரிந்துதான் சொன்னேன் என்று இல்லை. ஆனால் குலை வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்த நேரத்தில் அவ்வளவுதான் தோன்றியது. அவன் சிரித்துவிட்டு மேசைமேல் பணத்தை வைத்தான். முழுத் தொகை இருந்தது.

பிரேமலா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதிலிருந்து நூற்றுத் தொண்ணூறு வெள்ளியை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினாள்.

"இது எங்க மிக்சிக்கு."

"அக்காவுக்கு மிக்சி விக்கிறேனா நான்? எடுத்து வைக்கா."

"சும்மா குடுத்தீன்னா, நாளைக்குப் பழுதாப் போச்சுன்னா ஒன்னத் திட்ட முடியுமா? காசு குடுத்து வாங்குனாத்தான் வாய் நெறையத் திட்டலாம். வச்சுக்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் மிச்சப் பணத்தை ஒன்றாகச் சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தகடு மாற்றுகிறவருக்குப் போன் போட்டேன். நல்ல வேளை, அவர் இன்னும் வேறு வேலை எடுத்திருக்கவில்லை, நாளை மறுநாள் வருகிறேன் என்றார்.

"கழிச்சாச்சு மச்சான்," என்றேன். "நீ எனக்கு இனிமே ஒன்னும் தர வேண்டியதில்ல."