முப்பத்தைந்து என்றால் தூங்கு

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது. முப்பத்தைந்து என்கிற ஒரே எண்ணுக்கு ஒரு கணினியில் "கொஞ்சம் தூங்கு" என்றும், இன்னொரு கணினியில் "இந்தக் கோப்பை அழி" என்றும் பொருள் எனத் தெரிந்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதை கிடைத்துவிட்டது, இனி ஆள் பிடிக்க வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "அன்று காலை வானம்..." [வேண்டாம். வானத்துக்கும் ப்ராசஸருக்கும் என்ன சம்பந்தம்?]

இரண்டாவது: "அவள் போனை எடுத்தபோது அக்கா அழுதுகொண்டிருந்..." [இந்த அக்கா அழுகிற ரகம் இல்லை. கத்துகிற ரகம்.]

2

"ஏண்டி, தட்டெல்லாம் பேய் புடிச்ச மாதிரி ஆடுது! ஓடி வா!"

அக்கா போனில் கத்தியதும் அவள் ஓடினாள். அக்காவும் மாமாவும் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறார்கள். முட்டைத் தட்டுகளை ஒரு பக்கம் சாய்த்து, ஓய்வு கொடுத்து, மறுபக்கம் சாய்க்கிற மோட்டாருக்கு அவள்தான் பெர்ல் என்கிற நிரல்மொழியில் நிரல் எழுதிக் கொடுத்திருந்தாள். பழைய கணினி புகைந்துபோனதும், மாமா உள்ளங்கை அளவில் ஒரு புதுக் கணினி வாங்கி, நிரலை அப்படியே நகலெடுத்துப் போட்டுவிட்டார்.

"அதுல ஒரு எழுத்தக்கூட நான் தொடலம்மா," என்றார் மாமா, வியர்த்து வழிந்தபடி.

"அதான் மாமா பிரச்சனையே," என்றபடி அவள் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நிரல் எதையும் தானே செய்துவிடாது. தூங்குவதற்குக்கூட, அதாவது சும்மா காத்திருப்பதற்குக்கூட, இயங்குதளத்திடம் ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். கணினியின் மூளையான ப்ராசஸரின் இனம் மாறினால் எண்ணும் மாறும். பெர்லில் எண்ணே சொல்லாமல் தூங்கச் சுலபமான வழி உண்டு. ஆனால் அவள் அப்போது புதிதாகக் கற்றவள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் அவளுக்கு ஒரு பெருமை.)

3

நிரலைத் திறந்தாள். அவள் கையால் எழுதிய 35 அங்கேயே உட்கார்ந்திருந்தது. புது ப்ராசஸரின் எண் அட்டவணையைத் தேடிப் பார்த்தாள். 35: கோப்பை அழி. தூங்கச் சொல்வதாக நினைத்து, சாய்க்கிற ஒவ்வொரு தடவையும் அழிக்கச் சொல்லியிருக்கிறாள்!

[இங்கே நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். எல்லாம் அழியட்டும், மாமா தலையில் கைவைத்து உட்காரட்டும், என்ன ஒரு கட்டம்!]

ஆனால் கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள்தான் இருந்தன. பெயரில்லாததை அழிக்க முடியாது என்று இயங்குதளம் ஒவ்வொரு தடவையும் பதில் அனுப்பியிருக்கிறது. அந்தப் பதிலை அவளுடைய நிரல் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அழிவும் இல்லை, தூக்கமும் இல்லை. மோட்டார்தான் ஓய்வின்றி ஆடித் தீர்த்திருக்கிறது.

4

சுலபமான வழிக்கே அவள் போயிருக்கலாம். விடுவாளா? முதலில் ப்ராசஸர் எந்த இனம் என்று கேள்; பழைய இனமென்றால் 35, புதிதென்றால் அதன் தூக்க எண்ணான 101; தெரியாத இனமென்றால் மோட்டாரைத் தொடாமல் கத்து. வருகிற பதில் பிழையென்றாலும் கத்து. இப்படி மாற்றி எழுதிவிட்டு பிளக்கைச் செருகினாள்.

தட்டு சாய்ந்தது. நின்றது. ஓய்வெடுத்தது.

"ஏய், தூங்குதுடி!" என்று அக்கா கைதட்டினாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "உள்ள இருக்கறதுங்க?"

போட்ட பணமெல்லாம் அந்த முட்டைகளில்தான் இருந்தது.

5

முடிவு அ: எல்லாம் செத்துவிட்ட... [கை ஓடவில்லை. இந்தக் கதையில் யாருக்கும் நான் பெயர் வைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அழி என்கிறேன், பிழை என்று திரும்பி வருகிறது.]

முடிவு ஆ: எல்லாம் பொரிந்தன. [அந்த ஆட்டம் ஆடிய பிறகா? எனக்கே நம்பிக்கை இல்லை.]

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். மாமா விளக்கை அணைத்தார். அக்கா ஒரு முட்டையை டார்ச்சின் மேல் வைத்தாள். சிவப்பாகக் கிளைவிட்ட நரம்புகள், நடுவே ஒரு கரும்புள்ளி.

"அசையுதாக்கா?"

"இருடி. மூச்சு விடாத."

அசைந்தது! அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மாமா இருட்டில் எதன் மீதோ இடித்துக்கொண்டு சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

ஒரு முட்டைதான் பார்த்திருக்கிறோம். தட்டுகள் நிறைய இருக்கின்றன. அடுத்தது உங்கள் கையில், இளஞ்சூடாக இருக்கிறது, பதமாகப் பிடியுங்கள். டார்ச்சின் மேல் வையுங்கள். என்ன பதில் வந்தாலும் இந்தத் தடவை காதில் போட்டுக்கொள்ளுங்கள்.