எண்ணெய் குடித்த தோல்

நகம் இறங்கிய இடத்தில் வெளுப்பாய் ஒரு கோடு ஓடியது, பழுப்புத் தோலின் குறுக்கே ஒற்றையடிப் பாதை போல, ஐயோ என்று தணிகாசலம் கையை நீட்டுவதற்குள் கடைக்கார இலியாஸ் பாய் கட்டைவிரலை அதே இடத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார், கோடு போயே போய்விட்டது, பாத்தீங்களாண்ணே, எண்ணெய் குடிச்ச தோலு இது, மேல காயம் பட்டா உள்ளேர்ந்து எண்ணெய் வந்து மூடிக்கும், அதோ பளபளன்னு நிக்குதே கறுப்பு, அதெல்லாம் வெறும் மேக்கப்பு, ஒரு தடவை கீறினா கீறினதுதான், என்று பாய் சொல்லிக்கொண்டே போக, தணிகாசலம் மேக்கப் என்ற சொல்லிலேயே தங்கிப்போனார், வெளியே பெரியமேட்டில் டிசம்பர்த் தூறல், சந்து முழுக்க நனைந்த தோலும் பசையும் கலந்த வாடை, உள்ளே ஸ்டூலில் முழங்காலைத் தடவியபடி அவர், சட்டைப்பையில் புது வருஷத்துப் பாக்கெட் டைரி, இன்னும் உறை போடாதது, நாளுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்திலும் ஓர் எழுத்து இல்லை. காலையில் அம்சவேணியம்மாள் போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது, தணிகா, இந்தத் தடவை ரெக்ஸின் வேண்டாம்ப்பா, போன வருஷத்து உறை உரிஞ்சு உரிஞ்சு உன் சட்டையெல்லாம் கறுப்புப் பொட்டு, நல்ல தோலா, பத்து வருஷம் உழைக்கிற மாதிரி ஒண்ணு வாங்கு, கறுப்பு மட்டும் வேண்டாம், சரிம்மா என்றார், சரிம்மா என்று சொல்லியே தலை நரைத்தவர் அவர், நடிகை அம்சவேணியின் கால்ஷீட் மேனேஜர், அந்த அம்மாள் எந்தத் தேதியில் எந்த செட்டில் யாருக்குத் தாயாக நிற்க வேண்டும் என்று எழுதி வைக்கிறவர், பத்து வருஷமா, யாருக்கும்மா பத்து வருஷம் என்று கேட்க வாய் வரை வந்ததை எச்சிலோடு விழுங்கிக்கொண்டார்.

ஏனென்றால் நேற்றுச் சாயங்காலம் சீரியல் ஆபீசிலிருந்து அசோசியேட் டைரக்டர் பேசிவிட்டான், நல்ல பையன்தான், குரலில் தேன் தடவிப் பேசினான், சார் தப்பா எடுத்துக்காதீங்க, பொங்கலுக்கு அப்புறம் கதையில லீப் அடிக்கிறோம், ஏழு வருடங்களுக்குப் பிறகுன்னு கார்டு போட்டு ஓபன் பண்றோம், அம்மா கேரக்டர் சுவத்துல போட்டோவா இருப்பாங்க, மாலையோட, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க சார், நீங்க சொன்னா அம்மா தாங்குவாங்க, என்று வைத்துவிட்டான், கையில் இருந்த ஒரே சீரியல் அது, அதுவும் சுவரில் ஏறிவிட்டது, டைரியில் இனி எழுத ஒரு தேதி இல்லை, இதை யாரிடமும் சொல்லாமல் விழுங்கி வைத்தார், அதற்கு முன்பே இன்னொன்றும் தொண்டையில் கிடந்தது, போன வாரமே வந்த அழைப்பு, இப்போது ஏறிவரும் ஓர் இளம் கதாநாயகன், அவன் ஆபீசில் தேதி பார்த்துக்கொள்ள நம்பிக்கையான பெரியவர் ஒருவர் வேண்டுமாம், திங்கட்கிழமை வாங்க சார் என்றார்கள், யோசிச்சுச் சொல்றேன் என்று நழுவினார், யோசிக்கவில்லை, யோசித்தால் போய்விடுவோமோ என்று பயம், வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அந்த அம்மாளை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, இரண்டுக்கும் நடுவில் பஸ் பிடித்து பெரியமேட்டில் இறங்கியிருக்கிறார், தோல் பார்க்கிற சாக்கில், எத்தனை நேரம் பார்த்தாலும் ஒரு சின்ன டைரிக்கு எத்தனை தோல் பார்க்க முடியும்.

இது பாருங்கண்ணே, செம்மறி ஆட்டுத் தோலு, கன்னம் மாதிரி இருக்கும், என்று பாய் ஒரு சிவப்பை நீட்டினார், கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு பாய் என்று திருப்பிக் கொடுத்தார் தணிகாசலம், அப்ப இந்தப் பச்சை, போலீஸ்காரன் மிலிட்டரின்னு நினைச்சு சல்யூட் அடிப்பான் பாய், உங்களுக்குத் தோல் பிடிக்கலையா, என்னைப் பிடிக்கலையா, என்று பாய் சிரித்து டீ சொல்லி அனுப்பினார், டீ வருகிறது, டம்ளரின் ஆவிக்குள் ஒரு பழைய காரின் பின்சீட் தெரிகிறது, அம்சவேணியம்மாள் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்குப் போகும் வழியில் அதில்தான் தூங்குவார், தலையில் நரைவிக், வயது என்னவோ முப்பத்தைந்துதான், முன்சீட்டில் மடியில் தயிர்சாதத் தூக்கோடு தணிகாசலம், வளசரவாக்கம் வந்தா எழுப்புப்பா, எழுப்புகிறார், சாலிகிராமம் வந்தா எழுப்புப்பா, எழுப்புகிறார், அப்போதெல்லாம் டைரியில் இடமில்லை, பென்சிலில் எழுதினால் பேச்சுவார்த்தை, அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் மை, இது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம், எவ்வளவு பெரிய கம்பெனி ஆனாலும் மாற்ற மாட்டார், தயாரிப்பாளர்கள் வீட்டு வாசலில் நின்று கெஞ்சுவார்கள், மேனேஜர் சார், கோடை லீவுல ரயில்ல பர்த் கிடைச்சாலும் கிடைக்கும், உங்க டைரியில இடம் கிடைக்க மாட்டேங்குதே, அவர் சட்டைப்பையைத் தட்டிக்கொள்வார், கல்யாணத்துக்குப் பெண் பார்த்த அன்றுகூட மாமனார் கேட்டது அதைத்தான், மாப்பிள்ளை நெஞ்சுல என்ன அது, எப்பவும் கைய வெச்சிட்டே இருக்காரு.

தேதி நிறைவது ஒரு வகையில், தேதி காலியாவது இன்னொரு வகையில், அம்சவேணியம்மாள் கதையில் செத்தால் தேதி காலி, தாய் வேஷக்காரிகள் இடைவேளைக்கு முன்னால் சாவார்கள், அப்போதுதான் மகனுக்குக் கோபம் வரும், தணிகாசலம் அவரைக் கிணற்றில் பார்த்திருக்கிறார், தண்டவாளத்தில் பார்த்திருக்கிறார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் பஞ்சோடு பார்த்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கட் சொன்னதும் அந்த அம்மாள் எழுந்திருக்க மாட்டார், கேமராவை நிறுத்தாதீங்க என்பார், கண்ணைத் திறந்து லென்ஸைப் பார்த்துப் பல் தெரிய ஒரு சிரிப்பு, பிணமாகப் படுத்தவர்கள் சிரித்து ஒரு ஷாட் கொடுக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது, போனால் சாவு கூடவே காரில் ஏறி வந்துவிடும், தொழிலில் எல்லாருக்கும் இருக்கிற பயம்தான், அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் கூடுதல், கொடைக்கானலில் ஒருநாள் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது, பிலிம் தீர்ந்துபோச்சு, சிரிக்கிறதுக்கெல்லாம் நான் எங்கே போவேன், பேக்கப், என்று டைரக்டர் கிளம்பிவிட்டார், பாடையில் படுத்தபடியே அம்சவேணியம்மாள் அடம்பிடிக்கிறார், நான் எழுந்திருக்க மாட்டேன், ராத்திரி இங்கேயே கிடக்கிறேன், யூனிட் முழுக்கத் தலையில் கைவைத்து நிற்க, தணிகாசலம் வேனுக்கு ஓடுகிறார், மச்சினன் கல்யாணத்துக்கு வாங்கிய சின்ன கேமராவை எடுத்துவருகிறார், அம்மா, இப்ப சிரிங்க, அட, உன்கிட்டே கேமரா இருக்காப்பா, என்று அந்த அம்மாள் நிஜமாகவே சிரித்துவிட்டார், நடிப்பில்லாத சிரிப்பு, கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் ஒற்றை ரூபாய்க் காசு, காசைத் தட்டிவிட்டு மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று எடு என்றார், அந்த இரண்டாவது படம்தான் இன்றைக்கும் அந்த அம்மாள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது.

தூறலின் சத்தம் ஒரே சீராக விழ, தோல் வாடையில் தலை கிறுகிறுக்க, தணிகாசலம் சுவரில் சாய்ந்தார், சாய்ந்தது தெரியவில்லை, அலமாரித் தட்டுகளில் அடுக்கியிருந்த உறைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கின்றன, ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் ஓர் அம்சவேணி எழுந்து உட்காருகிறார், கிணற்றிலிருந்து ஈரத்தோடு ஒருவர், தண்டவாளத்திலிருந்து முந்தானையை உதறிக்கொண்டு ஒருவர், மூக்குப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு ஒருவர், எல்லாரும் சிரித்து முடித்துவிட்டு அவரைப் பார்க்கிறார்கள், தணிகா, அடுத்த தேதி என்ன, அவர் பையில் கையை விட்டு டைரியை எடுத்துப் புரட்டுகிறார், வெள்ளைப் பக்கம், வெள்ளைப் பக்கம், பனி மாதிரி வெள்ளை, இருங்கம்மா, இதோ பாக்கறேன்மா, அண்ணே, அண்ணே, போன் அடிக்குது, என்று தோளைத் தொட்டது இலியாஸ் பாய்.

திரையில் அம்மா என்று வந்தது. பழுப்பு உறையைக் கையில் பிடித்தபடியே எடுத்தார், தோல் கிடைச்சுதா, பாத்துட்டே இருக்கேன்மா, பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்வளவு நேரம் பாக்கலையே, இல்லம்மா, கடையில கூட்டம் என்று ஆளில்லாத கடையைப் பார்த்துச் சொன்னார், அந்தப் பக்கம் மிக்சி ஓடி நிற்கிற சத்தம், பிறகு, சொல்லணும்னு நேத்துலேர்ந்து முழுங்கிட்டு இருக்கியே, அதைச் சொல்லிடேன், என்றார் அம்சவேணியம்மாள், தணிகாசலத்துக்கு ஸ்டூல் ஒரு பக்கம் சரிந்ததுபோல இருந்தது, என்னதும்மா, என்னை சுவத்துல ஏத்தறாங்களே, அது, உங்களுக்கு யாரும்மா சொன்னா, யார் சொல்லணும், நேத்துக் காலையில ஆர்ட் டிபார்ட்மென்ட் பொண்ணு வாட்சப்புல கேக்குது, மேம், நல்லா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க, தனியா இருக்கற மாதிரி, பின்னாடி ஒண்ணும் இல்லாமன்னு, இத்தனை வருஷம் செத்துச் செத்துப் பொழைச்சவளுக்கு அது எதுக்குன்னு தெரியாதா, உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்ப்பா, என்றார், குரலில் அழுகை இல்லை, காப்பி ஆறிப்போச்சு என்று சொல்வதுபோல ஓர் அலுப்பு. எந்தப் போட்டோம்மா அனுப்பினீங்க, என்று அவர் கேட்டதற்கு அந்த அம்மாள் சிரித்தார், கொடைக்கானல்ல நீ எடுத்தியே, அதுதான், அதுல நான் ஏற்கெனவே செத்து எழுந்து சிரிச்சு முடிச்சாச்சு, இனிமே அதுக்கு எவன் மாலை போட்டா எனக்கென்ன, ஒட்டாது பாரு.

தணிகாசலம் கையில் இருந்த உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அந்த அம்மாள் விடவில்லை, இன்னொண்ணும் முழுங்கிட்டு இருக்கே, அதையும் நானே சொல்லவா, அந்த ஹீரோ தம்பி ஆபீஸ்லேர்ந்து எனக்குப் போன் வந்தது, உங்ககிட்ட இருக்கற மேனேஜர் எப்படின்னு கேட்டாங்க, சாப்பாட்டு நேரம் மறப்பாரு, தேதி மறக்க மாட்டாருன்னு சொல்லியிருக்கேன், திங்கட்கிழமை போற, உரிஞ்ச ரெக்ஸினை நீட்டிக்கிட்டு அங்கே போய் நிப்பியா, அதுக்குத்தான் தோல் வாங்குன்னேன், அது எனக்கில்லை, உனக்கு, காசு என் கணக்கு, உறை மேல பேரும் உன் பேரையே அடிக்கச் சொல்லு. அம்மா, நீங்க, என்று ஆரம்பித்தவரை முடிக்க விடவில்லை, நானா, நான் தூங்கணும்ப்பா, வளசரவாக்கம் வந்துருச்சு சாலிகிராமம் வந்துருச்சுன்னு வாழ்க்கை பூரா எழுப்பி விட்டவன் நீ, இனிமேயாவது எழுப்பாம இரு, எனக்கு ரொம்ப அசதியா இருக்கு, என்றவர் சட்டென்று பழைய அதிகாரக் குரலுக்கு வந்தார், டைரி பையில இருக்கா, இருக்கும்மா, பொங்கல் அன்னிக்கு உன் கால்ஷீட் எனக்கு வேணும், மத்தியானம், வீட்டுல, இலை போட்டு, உன் பெண்சாதி புள்ளையோட, எழுதிக்கோ, பென்சில்ல எழுதாதே. தணிகாசலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார், அட்வான்ஸ் வராம நான் மையில எழுத மாட்டேனேம்மா, தெரியுமில்ல. அந்தக் கவர்தாண்டா அட்வான்ஸ், என்றார் அம்சவேணியம்மாள், அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து முதல் தடவையாக ஒரு டா, அதற்குமேல் அவராலும் முடியவில்லைபோல, போன் வைக்கப்பட்டுவிட்டது.

மழை நின்றிருந்தது, அல்லது எப்போதோ நின்றுவிட்டிருந்தது, பேனா இருக்கா பாய் என்று தணிகாசலம் கேட்டு வாங்கினார், முழங்காலில் டைரியை வைத்துப் பொங்கல் பக்கத்தைத் தேடி எடுத்தார், ஒரு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துப் பயப்படாமல் எழுதி எத்தனை நாளாயிற்று, மதியம், அம்மா வீடு, இரண்டே வரி, நீல மை, ஊதி உலர்த்தினார், டைரியைப் பழுப்பு உறைக்குள் செருகினார், மடக்கும்போதுதான் பார்த்தார், உறையின் நடுவே வெளுப்பாய் ஒரு கோடு, போன் பேசிய நேரம் முழுக்க அவருடைய கட்டைவிரல் நகம் அழுந்திக் கிடந்த இடம், பிறை மாதிரி வளைந்து, ஆழமாக. அட, குடுங்கண்ணே, ஒரு தேய்ப்புல போயிடும், என்று பாய் விரலை நீட்டினார், தணிகாசலம் உறையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், சட்டைப்பையில் வைத்தார், மேலே கையை வைத்துக்கொண்டார், பெண் பார்த்த அன்று வைத்திருந்த மாதிரியே, தேய்க்காதீங்க பாய், இங்கேதானே இருக்கப்போவுது, மெதுவா அதுவே ஆறட்டும்.