பாவாயியிடம் மட்டும் சொல்லாதது

உப்பில்லாத களியைத் தின்றுவிட்டு, "நல்லாருக்குதும்மா" என்று தனபால் சொன்ன அன்றுதான் பாவாயிக்குச் சந்தேகம் தட்டியது. பெற்ற மகனைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? உப்பு ஒரு கல் குறைந்தால் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பிறவி அவன். கல்யாணமாகிப் பெண்டாட்டி வந்த பிறகும் அந்த வீம்பு போகவில்லை. அப்படிப்பட்டவன் சப்பென்ற களியை உருட்டி விழுங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனால், எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்?

யோசிக்க யோசிக்க எல்லாமே கோணலாகப் பட்டது. மருமகள் அருணா அவளை அரிவாளைத் தொடவே விடுவதில்லை. வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத சொந்தங்கள் பழப்பையோடு வந்து உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார்கள். வைகாசியில் ஒரு மழை விழுந்ததும் மேல்காட்டில் மரவள்ளி ஊன்றலாம் என்றாள். "இந்த வருசம் நீ எதும் போட வேண்டாம்மா, ரெஸ்ட் எடு" என்றான் மகன். ரெஸ்ட்டாம்! அந்த வீட்டில் இதுவரை பகலில் படுத்துக் கிடந்தது நாய் ஒன்றுதான்.

தை மாதம் வயிற்று வலிக்காகச் சோளக்காட்டு டாக்டர் சுமித்ராவிடம் போனதிலிருந்துதான் இந்த மாற்றமெல்லாம். சின்ன வயசு டாக்டர், நல்ல மாதிரி. சேலத்துக்கு அனுப்பினாள். அங்கே வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டோடு திரும்ப வந்த அன்று, "அம்மா கொஞ்சம் வெளிய இருக்கட்டும்" என்று மகனை மட்டும் உட்கார வைத்துப் பேசினாள். வெளியே வந்த தனபால், "வயித்துல புண்ணாம். மாத்திரை தின்னா ஆறிருமாம்" என்றான். பாவாயியும் தின்றாள். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்ததுதான் மிச்சம்.

அதனால் ஒரு நாள், பலாப்பழ விலை கேட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுச் சோளக்காட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறினாள்.

சாவுக்குப் பயந்து அவள் போகவில்லை. அவளைக் குடைந்தது கலைச்செல்வி. பெற்ற ஒரே மகள், மலைக்குக் கீழே புளியஞ்சோலைப் பக்கம் சசிகுமார் என்ற கீழ்நாட்டுப் பையனைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டு போனவள். அன்றிலிருந்து பாவாயி அவளிடம் பேசுவதில்லை. பொங்கலுக்குத் தவறாமல் போன் வரும், இவள் எடுக்கமாட்டாள். இந்த வருசம் மாசியில் அந்தப் பெண் காட்டுப் பாதையில் தனியாக மலையேறி, மூச்சிரைக்க வாசலில் வந்து நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டாள். "எவளோ வந்து நிக்கறா, பக்கத்து ஊட்டுக்குப் போகச் சொல்லு அருணா" என்று காதில் விழும்படி சொல்லிவிட்டுப் பாவாயி கதவைச் சாத்தினாள். இன்னும் ஒரு வருசம் அழட்டும், அப்புறம் போனால் போகிறதென்று கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அந்த ஒரு வருசம் தன்னிடம் இருக்கிறதா என்றுதான் இப்போது தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு போர்டு இருந்தது. நோயாளியின் உரிமைகள் ஒரு பக்கம், கடமைகள் மறு பக்கம். ஐந்தாவது வரை படித்த பாவாயி, முறை வரும் வரைக்கும் அதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனதும் கேட்டாள். "டாக்டரம்மா, வெளிய போர்டு வெச்சிருக்கறீங்களே, அது யாருக்குங்க?"

"வர்ற நோயாளிங்களுக்குத்தாம்மா."

"ஒண்ணையும் மறைக்காம டாக்டர்கிட்டச் சொல்லோணும்னு போட்டிருக்குது. நான் சொன்னேன். பெத்த மகங்கிட்டக்கூட வாயத் தொறக்காததை, வெளிக்குக் கறுப்பாப் போறதை, வெக்கத்த உட்டு உங்ககிட்டச் சொன்னேன். தன் நோவு என்னன்னு தெரிஞ்சுக்கற உரிமை நோயாளிக்கு உண்டுன்னும் போட்டிருக்குதுங்க. எம்பங்கை நான் செஞ்சுட்டேன். உங்க பங்கு எங்கீங்க?"

சுமித்ராவின் முகம் சிவந்துவிட்டது. "உங்க பையன் கையெடுத்துக் கும்பிட்டாரும்மா. தெரிஞ்சா அம்மா தாங்காதுன்னாரு. நானும் கேட்டுக்கிட்டேன். என் தப்புதான்."

"நோவு அவனுக்கா, எனக்கா?"

டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். சொல்ல வாயெடுத்தவளைப் பாவாயி கையமர்த்தினாள். நோயின் பேர் அவளுக்கு அவசரமில்லை.

"மேல்காட்டுல மிளகுக்கொடி வெக்கலாம்னு பாக்கறேன். காய்ப்புக்கு வர மூணு வருசமாகும். வெக்கட்டுங்களா?"

"வேண்டாம்மா" என்றாள் டாக்டர்.

"சரி, மரவள்ளி? அடுத்த பங்குனிக்குள்ள கிழங்கு தோண்டிரலாம்."

டாக்டர் மெல்லத் தலையாட்டினாள், இல்லை என்று.

"சாமைங்க? நாலஞ்சு மாசத்துல அறுத்துரலாம்."

"போடுங்கம்மா" என்றாள் சுமித்ரா. "அறுப்புக்கு நீங்க இருப்பீங்கன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியல."

அதன் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். இரைப்பையில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. ஆபரேசன் செய்து பயனில்லை என்று சேலத்தில் எழுதிவிட்டார்கள். வலியைக் குறைக்க மருந்து உண்டு, அதை எந்நேரமும் வந்து வாங்கிக்கொள்ளலாம். பாவாயி கடைசி வரை கேட்டுவிட்டு, "இதைச் சொல்றதுக்கு இத்தனை மாசமாச்சுங்களா" என்று மட்டும் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் பலாப்பழக் கடைகளுக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். வீம்புக்கு இனி நேரமில்லை. போனை எடுத்து, பொங்கலுக்கு வந்து எடுக்காமல் விட்ட எண்ணைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். மணி இரண்டு தரம் அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் மகள்.

"நாந்தான்" என்றாள் பாவாயி.

கலைச்செல்வி எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, எதற்குக் கூப்பிட்டாய் என்றும் கேட்கவில்லை. அழுகை பீறிட, "யாரும்மா சொன்னா உனக்கு?" என்றாள்.

பாவாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தையிலயே அண்ணன் சொல்லிருச்சும்மா. உங்கிட்ட மூச்சு உடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

அப்படியானால் மாசியில் மலையேறி வந்தவள் தெரிந்துதான் வந்திருக்கிறாள். அம்மா சாகப் போகிறாள் என்று தெரிந்து, அதைச் சொல்லவும் முடியாமல், தண்ணீர் கேட்கிற சாக்கில் வாசலில் நின்றிருக்கிறாள். பாவாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பழம் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்ததை அவள் கவனிக்கவே இல்லை.

"ஊரே தெரிஞ்சு வெச்சிருக்கறீங்க. ஒருத்தராவது எங்கிட்டச் சொல்லியிருந்தா, அன்னிக்கே உன்னை உள்ள கூப்பிட்டிருப்பேனே சாமி" என்றாள்.

மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சொல்லாமயே கூப்பிட்டிருக்கலாமேம்மா" என்றாள் கலைச்செல்வி.