சத்தமில்லாத அறையில் தேநீர்

அந்தக் காதுக்கருவித் தொழிற்சாலையை விட்டு யாரும் போவதில்லை. சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்ற இடங்களில் காலையில் சேர்ந்தவன் மத்தியானச் சாப்பாட்டோடு கம்பி நீட்டிவிடுகிற காலம் இது. இங்கே மட்டும் எப்படி என்று விசாரிக்க வெளி நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். முதலாளி வாயெல்லாம் பல்லாக, "எல்லாம் எங்க அக்காவோட கைவேலைங்க" என்று பணியாளர் பிரிவு மேலாளரைக் காட்டுவார். அவள் அவரைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அவருக்கும் அக்கா, வாசல் காவலருக்கும் அக்கா. அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்த நாட்களும் இருந்தன.

அவள் ஏற்படுத்திய பழக்கம் ரொம்பச் சாதாரணமானது. யாராவது ராஜினாமா கொடுத்தால் அவரைத் திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது, சம்பளம் பேசக்கூடாது. கருவிகளைச் சோதிக்கிற சத்தமில்லாத அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தேநீர் கொடுக்க வேண்டும். சுவர், கூரை, கதவு எல்லாம் கெட்டியான பஞ்சு பதித்த அறை அது. வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. அங்கே உட்கார்ந்தால் தன் மூச்சு தனக்கே கேட்கும். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்காமல் காத்திருந்தால், எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரரும் கொஞ்ச நேரத்தில் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுவார். போவதற்கு என்ன காரணம் என்று தெரிந்ததும் அந்தக் காரணத்தை நிறுவனம் தீர்த்து வைக்கும். "ஆளைப் பிடிக்காதீங்க, காரணத்தைப் பிடிங்க" என்று அவள் சொன்ன வாக்கியத்தை முதலாளி எல்லாக் கூட்டத்திலும் சொல்லிப் பூரித்துப் போவார்.

மெருகு போடுகிறவர் தன் தம்பியின் சைக்கிள் கடைக்குத் துணையாகப் போக வேண்டும் என்றார். தம்பிக்கே இங்கே வேலை கொடுத்தார்கள். கடையை இழுத்து மூடிவிட்டு அவனும் வந்து சேர்ந்தான். சோதனை மேசைப் பெண் கல்யாணம் கட்டி வேறு ஊர் போகிறேன் என்றாள். மாப்பிள்ளையை இங்கே அழைத்து, வேலையும் குடியிருக்க வீடும் கொடுத்தார்கள். அவர்கள் கல்யாணத்தில் முதலாளி விக்கி விக்கி அழுதார். நடிப்பு என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். நடிப்பில்லை. அந்த மனிதருக்குத் தன் ஆட்கள் மேல் அவ்வளவு பாசம். பயப்பட வேண்டியதே அதற்குத்தான்.

அக்காவுக்கு இது உறைத்தது கைகழுவும் இடத்தில். சோதனை மேசைப் பெண்ணும் அவள் புருஷனும் பேசிக்கொள்வதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே வீடு, ஒரே வேலை, எதிரெதிர் மேசை. அன்று அவள் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரில் கை வைக்காமல் அதைப் பார்த்தபடி நின்றாள்.

"போகணும்னு தோணுச்சுன்னா சொல்லும்மா," என்றாள் அக்கா. "பேசிக்கலாம்."

"என்னத்தச் சொல்றதுக்கா? சொல்றதுக்குக் காரணமே இல்ல. இருந்ததையெல்லாம் நீங்க சரி பண்ணிட்டீங்களே."

குத்திக்காட்டுகிற குரலாக இருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் நன்றியோடு சொன்னதுபோல்தான் இருந்தது. குழாயை மூடிவிட்டு மேசைக்குப் போய்விட்டாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதை அக்கா பார்த்தாள். இவர்களில் ஒருவருக்காவது இந்த மதில் சுவருக்கு வெளியே ஒரு கூட்டாளி, ஒரு சண்டை, ஒரு வேண்டாத வேலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

அவளுக்கு ஒரே மகள். காது பரிசோதிக்கிற படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். மேல்படிப்புக்குத் தூரதேசத்தில் இடம் கிடைத்து, போவதா வேண்டாமா என்று ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள். அது முதலாளி காதுக்கும் எட்டிவிட்டது. "பாப்பா படிப்பு முடிஞ்சுதாமேக்கா?" என்று ஒரு தடவை கேட்டார். மறுபடியும் ஒரு தடவை கேட்டார். இரண்டாம் தடவை அவர் கண் கலங்கியிருந்தது. மகளையும் இங்கே சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

மகளிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வாள்? இத்தனை வருஷம் வீட்டில் இந்த இடத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவளே அவள்தான். தான் முதலில் வெளியேறிவிட வேண்டும், ஆள் இல்லாத வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டாள். ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாள்.

வழக்கப்படி தேநீர் வந்தது. கொண்டு வந்தவன் அவளுடைய உதவியாளன். எல்லோருக்கும் தம்பி. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பூனைபோல் நடப்பவன். இதற்கு முன் அந்த அறையில் அவள் மற்றவர்களிடம் காரணம் கேட்கும்போதெல்லாம் தேநீர் ஊற்றியவன் அவன். இப்போது அவள் எப்போதும் உட்கார்கிற நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். கதவு மூடியதும் உலகம் அறுந்து விழுந்தது. பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தான். அந்தத் தட்டை நகர்த்துவதும் அவள் கண்டுபிடித்ததுதான்.

அவள் பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். தன்னிடமே காதில் பூச்சுற்றப் பார்த்த எத்தனையோ பேரைப் பார்த்தவள். நல்ல பொய்க்குள் கொஞ்சம் நிஜம் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எங்க அக்கா ஊர்ல தனியா இருக்கா தம்பி. முழங்கால் ரெண்டும் போயிடுச்சு. ஒரு குடம் தண்ணி தூக்க முடியல. நான் போய்ப் பக்கத்துல இருக்கணும்."

அவன் தலையாட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தன் மூச்சு கேட்டது. அந்த மௌனத்தின் சூட்சுமம் தெரிந்தவளாலேயே அதைத் தாங்க முடியவில்லை.

"அவளுக்குப் புள்ளகுட்டி கிடையாது. என் பொண்ணத்தான் தன் பொண்ணா தூக்கி வளர்த்தா."

"பாப்பாவுக்கும் பெரியம்மான்னா உசிரோ?"

"உசிருதான். அவளுக்கு ஒண்ணுன்னா இவ சோறு தின்ன மாட்டா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பாவம்க்கா நீங்க" என்று மட்டும் சொன்னான். மனசாரச் சொன்னான். பெரியம்மா முட்டி வலியை மறைக்கிறாள் என்று அக்கா வீட்டில் மகளிடமும் சொல்லிவைக்க, மகள் பெரியம்மாவைப் பார்க்க ஊருக்குப் புறப்பட்டுப் போனாள்.

அதன் பிறகு யாரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. முதலாளி அழவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. மெருகு போடுகிறவர் ராஜினாமா கொடுத்தபோது கைக்குட்டை நனைய அழுதவர், இவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே போனார். "அக்கா மனசுல எந்தப் பாரமும் இருக்கக்கூடாது" என்றார். தம்பி இரண்டு நாள் லீவு போட்டு எங்கோ போய் வந்தான். எங்கே என்று கேட்டதற்கு, "சொந்த வேலைக்கா" என்றான். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, அவள் வேறு எதைப் பிடித்துக்கொள்வாள்?

கடைசி நாளன்று எல்லோரையும் சாப்பாட்டு அறைக்கு வரச் சொன்னார்கள். வழியனுப்பு விழா என்று நினைத்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சுவரில் ஒரு படத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"நம்ம நிறுவனம் ஒரு காது பரிசோதனைக் கிளை ஆரம்பிக்குது," என்றவர், ஊர்ப்பெயரைச் சொன்னார். அவளுடைய அக்கா இருக்கும் ஊர்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. மகள்தான்.

"அம்மா! சொல்லிட்டாங்களா? உனக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கணும்னு என்னை வாய் திறக்கக்கூடாதுன்னுட்டாங்க. நீ வேலைய விட வேண்டாம்மா. பெரியம்மாவ நான் பாத்துக்கறேன். இங்கதான் அவங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"பாப்பா... கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போன வாரமே போட்டாச்சு. கிளையே என் பொறுப்பும்மா!"

"உன் மேல்படிப்பு?"

"போகலாமா வேண்டாமான்னு நான்தான் குழம்பிட்டு இருந்தேனே. தம்பி மாமா வந்து உக்காந்து கேட்டாரு. எவ்ளோ பொறுமையா கேக்கறாரு தெரியுமா? டீ ஆறியே போச்சு, அவரு ஒரு வார்த்தை பேசல. பெரியம்மாவ இப்படி விட்டுட்டுப் போக மனசு வரலன்னு நானே சொல்லிட்டேன். பெரியம்மா முட்டி பரவாயில்லன்னுதான் சொல்றாங்க. நீ சொல்லியிருக்கியே, அவங்க மறைக்கறாங்கன்னு."

"வேண்டாம்டி. வந்துடு. அந்த இடம் வேண்டாம்."

"ஏம்மா?" மகளின் குரலில் நிஜமான ஆச்சரியம். "நீ கட்டுன இடம்தானே? அங்க என்ன குறை?"

அக்கா வாயைத் திறந்தாள். என்ன குறை? கேட்டதையெல்லாம் கொடுக்கிறார்கள் என்பதா? அழுகிறார்கள் என்பதா? காரணத்தைப் பிடிக்கிறார்கள் என்பதா? சுற்றிலும் அத்தனை பேரும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பில் துளி கள்ளம் இல்லை. யாரோ படத்தின் துணியை விலக்கினார்கள். மகள் சின்ன வயதில் பெரியம்மா மடியில் உட்கார்ந்திருக்கிற படம். அது ஊரில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படம்.

கைப்பேசியைத் தாழ்த்தினாள். முதலாளி அருகில் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இப்போதுதான் அவர் அழுதார். தாரை தாரையாக அழுதார்.

"பாப்பா இனி நம்ம பொண்ணுக்கா. இப்பச் சொல்லுங்க, போறதுக்கு வேற ஏதாவது காரணம் இருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவள் தேடினாள். ஒவ்வொன்றாகத் தேடினாள். கூட்டத்தின் ஓரத்தில் சோதனை மேசைப் பெண் மட்டும் சிரிக்காமல் நின்றிருந்தாள். அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்தவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க," என்றாள் அக்கா.

தம்பி பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.